நெல்லையில் ஃப்ளாஷ்மாப்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருநெல்வேலி, பாளையங்கோட்டை, சுற்றுவட்டார ஊர்களில் ஃப்ளாஷ்மாப் நடத்தித் தரும் குழு நாங்கள். போனில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறோம். சில பதில்கள் நீளமானவை. அக்கறையுள்ள விஷயத்தை இரண்டு வரியில் முடிக்க மனம் வரவில்லை.

ஃப்ளாஷ்மாப் என்றால் என்ன? மேடை நடனத்துக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

பொது இடத்தில் சாதாரண ஆட்களாகக் கலந்து நிற்கும் ஒரு கூட்டம், பாட்டு தொடங்கியதும் ஒருவர் பின் ஒருவராக வந்து சேர்ந்து ஆடி, நாலைந்து நிமிடத்தில் முடித்துக் கலைந்துவிடும். மேடை கிடையாது, அறிவிப்பு கிடையாது, நாற்காலி கிடையாது. மேடை நடனத்துக்கு வருகிறவர் பார்க்கவென்றே வந்தவர். இங்கே பார்க்கிறவர் பஸ்ஸுக்கு நிற்கிறவர், காய்கறிப் பையோடு வீட்டுக்குப் போகிறவர். அவரிடம் யாரும் முன்கூட்டிக் கேட்கவில்லை. எங்கள் முடிவுகள் எல்லாம் இந்த ஒரு விஷயத்திலிருந்தே வருகின்றன. நின்று பார்க்க ஆசைப்படுகிறவருக்கு நல்ல இடம் கிடைக்க வேண்டும். வேலை இருக்கிறவர் தடையில்லாமல் கடந்து போக வழி இருக்க வேண்டும். தெரு அவருடையது, நாங்கள் ஐந்து நிமிடத்துக்கு வாங்கிக்கொள்கிறோம்.

இதை முதலில் தொடங்கியது யார்?

2003-இல் நியூயார்க்கில் பில் வாசிக் என்ற பத்திரிகை ஆசிரியர். அப்போது இதில் நடனமே இல்லை. மின்னஞ்சலில் செய்தி அனுப்பி நூற்றுக்கும் மேற்பட்டவர்களை மேஸிஸ் என்ற பெரிய கடைக்கு வரவழைத்தார். எல்லோரும் ஒரே கம்பளத்தைச் சுற்றி நின்றார்கள், கொஞ்ச நேரத்தில் கலைந்து போனார்கள். அதே ஆண்டு மும்பையிலும் ஒன்று நடந்தது. 2009-இல் லண்டன் லிவர்பூல் ஸ்ட்ரீட், பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் ஆகிய ரயில் நிலையங்களில் நடந்தவை நடனமாகவே அமைந்து, வீடியோ வழியாக உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்தன. நம் நாட்டில் அதிகம் பேசப்பட்டது 2011 நவம்பர் 27 அன்று மும்பை சி.எஸ்.டி. ரயில் நிலையத்தில் சுமார் 200 பேர் ஆடியது. அது ரயில்வேயின் அனுமதியோடு நடந்தது என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆச்சரியம் பார்க்கிறவர்களுக்குத்தான்; அதிகாரிகளுக்கு அது முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

கல்யாண வரவேற்பில் எப்படிச் செய்வீர்கள்?

எங்களுக்கு வரும் வேலையில் பாதிக்கு மேல் இதுதான், எங்களுக்குப் பிடித்த வேலையும் இதுதான்.

பொண்ணும் மாப்பிள்ளையும் மேடையில் போட்டோவுக்கு நின்று நின்று களைத்திருக்கும் நேரம். மொய்க் கவரோடு வரிசை நகர்கிறது. கீழே பந்தி நடக்கிறது. மெல்லிசைக் குழு ஒரு பாட்டை முடித்துவிட்டு அடுத்ததற்குத் தயாராகும் இடைவெளியில் நாங்கள் தொடங்குவோம். முதலில் ஆடுகிறவர் தண்ணீர் ஜக்கோடு போய்வந்துகொண்டிருந்த ஆள். ஜக்கை மேசையில் வைத்துவிட்டுத் தனியாக ஒரு எட்டு கவுண்ட், அதாவது எட்டுத் தாள அடி, ஆடுவார். "ஏல, அவனுக்கு என்ன ஆச்சு?" என்று பக்கத்து மேசையில் ஒரு குரல் கட்டாயம் கேட்கும். அடுத்த எட்டில் வீடியோவுக்கு லைட் பிடித்துக்கொண்டிருந்த பையன், அதற்கடுத்து வரிசையில் நின்ற மூன்று பேர் சேருவார்கள். இதுவரைக்கும் எங்கள் ஆட்கள்.

பிறகு மாப்பிள்ளையின் சித்தி எழுந்து வருவார். மண்டபம் அப்போதுதான் நிமிர்ந்து உட்காரும். காரணம், அவரை எல்லோருக்கும் தெரியும். அவர் ஆடி யாரும் பார்த்ததில்லை. தேர்ந்த ஆட்டக்காரர் இருபது பேர் பல்டி அடித்தாலும் கிடைக்காத விசில் அந்தச் சித்திக்குக் கிடைக்கும். அதனால் தொடக்கத்தை நாங்கள் தாங்குவோம், நடுவிலிருந்து குடும்பத்தாரை முன்வரிசைக்கு விட்டுவிட்டுப் பின்னால் போய்விடுவோம்.

பொண்ணு மாப்பிள்ளையை இழுத்து ஆடவிடுவது பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். கனத்த பட்டு, நகை, மாலையோடு ஆடச் சிலருக்குப் பிடிக்காது. நெருங்கிய தோழியிடமோ தங்கையிடமோ ரகசியமாகக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே அந்தப் பகுதியைச் சேர்ப்போம். தாலி கட்டும் வேளையிலும் ஆலயத்தில் ஜெபம் நடக்கும் வேளையிலும் எங்கள் ஆட்கள் அசைய மாட்டார்கள்.

எங்கள் சொந்தக்காரர்கள் யாருக்கும் ஆடத் தெரியாதே?

பத்துப் பேர் ஒரே நொடியில் வலது கையைத் தூக்கினால் அதுவே பார்க்க அழகாக இருக்கும். கஷ்டமான ஸ்டெப் தேவையில்லை. வீட்டாருக்கான பகுதியை நான்கே நான்கு எட்டுகளில் அமைத்து, அதையே திரும்பத் திரும்ப வரும்படி செய்கிறோம். ஸ்டெப் வீடியோவை இடவலம் மாற்றி வாட்ஸ்அப்பில் அனுப்புவோம். திரையில் எந்தப் பக்கக் கை தூக்குகிறதோ அதே பக்கக் கையை நீங்களும் தூக்கினால் போதும். கண்ணாடி பார்த்து ஆடுவது மாதிரி வந்துவிடும். துபாயிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கல்யாணத்துக்கு முந்தின நாள் வந்து இறங்குகிறவர்கள் இப்படிக் கற்றுக்கொண்டுதான் ஆடுகிறார்கள்.

குத்துப் பாட்டுகளில் ஒரு விஷயம். அவை பெரும்பாலும் திஸ்ர நடையில் போகும், ஒவ்வொரு அடிக்குள்ளும் மூன்று துடிப்பு இருக்கும். டான்ஸ் கிளாஸில் நேர் கணக்கு மட்டும் பழகிய பிள்ளைகள் இதில் முதலில் தடுமாறுவதையும், கோயில் கொடைத் திருவிழாவில் நையாண்டி மேளம் கேட்டே வளர்ந்த பெரியம்மா கால் தானாக விழ ஆடுவதையும் ரிகர்சலில் அடிக்கடி பார்க்கிறோம்.

ஆச்சி, தாத்தாவைச் சேர்க்கலாமா?

கட்டாயம் சேருங்கள். உட்கார்ந்த இடத்திலேயே கைத்தட்டும் பகுதி ஒன்றை அவர்களுக்காகவே வைக்கிறோம். முட்டி வலி உள்ளவர்களுக்குத் திரும்புதல், குனிதல் கிடையாது. பக்கத்தில் பேரன் பேத்தி ஒருவர் நிற்பார். ஆட்டம் முடிந்ததும் நாற்காலி தயாராக இருக்கும்.

ஜங்ஷன் ரயில் நிலையத்தில் ஆட முடியுமா?

முடியும், நேரம் எடுக்கும். திருநெல்வேலி சந்திப்பு மதுரைக் கோட்டத்தில் வருகிறது. நிகழ்ச்சிக்கும் படப்பிடிப்புக்கும் கோட்ட அளவில் எழுத்து அனுமதி வாங்க வேண்டும். பிளாட்பாரத்தில் நாங்கள் ஆடுவதில்லை, அனுமதி கிடைத்தாலும் ஆட மாட்டோம். வேடிக்கை பார்க்கிற கூட்டம் பின்னால் நகரும், பின்னால் தண்டவாளம் இருக்கும். முன்புற முகப்புப் பகுதி மட்டும்தான் எங்களுக்குச் சரி. ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸுக்கு ஆட்கள் பெட்டியும் பையுமாக ஓடி வரும் நேரத்தைத் தொடவே மாட்டோம்.

இருட்டுக்கடை முன்னால்?

வெளியூர்க்காரர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி. ஆசை நியாயமானதே, நெல்லை என்றதும் மனசில் வரும் இடம் அது. ஆனால் சாயங்காலம் கடை திறக்கும்போதே வரிசை நிற்கிறது. எதிரில் நெல்லையப்பர் கோயில். தேரோடும் வீதி என்றாலும் அந்த வேளையில் ஆட்டோ, பைக், கோயிலுக்கு வருகிறவர்கள் எல்லாம் சேர்ந்து நெருக்கடியாகிவிடும். அல்வா வாங்க வந்தவரின் இடத்தையும் சாமி கும்பிட வந்தவரின் அமைதியையும் பறித்துக்கொண்டு ஆடும் ஆட்டத்தில் எங்களுக்கு விருப்பமில்லை. டவுன் தெருக்கள்தான் வேண்டும் என்றால் அதிகாலையில் ஆள் குறைவான வேளையில், ஸ்பீக்கர் இல்லாமல், ஒரு கோலாட்டமோ கும்மியோ செய்து தருவோம். ஆனித் தேரோட்ட நாட்களிலும் தீபாவளி வியாபார நாட்களிலும் அதுவும் கிடையாது.

போலீஸ் பர்மிஷன் யார் வாங்குவது?

நாங்கள் வாங்குகிறோம். நீங்கள் ஒரு கடிதமும் அடையாள அட்டை நகலும் தந்தால் போதும். தனியார் மண்டபம், கடை, மால் என்றால் உரிமையாளரின் எழுத்துச் சம்மதம். ரோடு, பூங்கா, மைதானம் என்றால் காவல்துறைக்கும் மாநகராட்சிக்கும் மனு. ஒலிபெருக்கிக்குத் தனியாக அனுமதி உண்டு.

சத்தத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். ஒலி மாசு விதிகள் 2000-இன்படி வணிகப் பகுதியில் பகலில் 65 டெசிபல், குடியிருப்புப் பகுதியில் 55 டெசிபல்தான் வரம்பு. இரவு 10 மணிக்கு மேல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் இவற்றைச் சுற்றி 100 மீட்டரை அமைதி மண்டலமாக்கவும் அந்த விதிகளில் இடம் இருக்கிறது. பாளையங்கோட்டை வரைபடத்தை விரித்து ஒவ்வொரு பள்ளி, கல்லூரியைச் சுற்றியும் 100 மீட்டர் வட்டம் போட்டுப் பாருங்கள். ஒரு வட்டம் முடியும் முன் அடுத்தது தொடங்கிவிடும். ஹைகிரவுண்டில் அரசு மருத்துவமனை வேறு. அறிவிப்புப் பலகை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த வட்டங்களுக்குள் ஸ்பீக்கர் வைப்பதில்லை என்பது எங்கள் வழக்கம். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்கும் வார்டில் படுத்திருக்கிறவருக்கும் எங்கள் பாட்டு ஆச்சரியம் அல்ல, தொந்தரவு.

சின்ன ஸ்பீக்கர்தானா? எல்லோருக்கும் கேட்குமா?

ஆடுகிறவர்களுக்குக் கேட்டால் போதும். பார்க்கிறவர்கள் பக்கத்தில் வந்து நிற்பார்கள்.

பெரிய இடத்தில் பிரச்சினை வேறு. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். ஸ்பீக்கரிலிருந்து 34 மீட்டர் தள்ளி நிற்கிறவருக்குப் பாட்டு பத்தில் ஒரு பங்கு நொடி தாமதமாக வந்து சேரும். நிமிடத்துக்கு 120 அடி போகும் பாட்டில் ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையே அரை நொடிதான். அதில் ஐந்தில் ஒரு பங்கு பிந்தினால் கண்ணுக்குத் தெரியும். பின்வரிசை முழுக்கத் தப்பாக ஆடுவது போல இருக்கும். அவர்கள் தப்பாக ஆடவில்லை, காதுக்கு வந்ததை ஆடுகிறார்கள். இதனால் கூட்டத்தைச் சுமார் 15 மீட்டருக்குள் அடக்குகிறோம். பரந்த இடமானால், பின்வரிசை காதை விட்டுவிட்டு முன்வரிசையின் தோளைப் பார்த்து ஆடப் பழக்குகிறோம். ப்ளூடூத்திலும் தாமதம் உண்டு என்பதால் ஸ்பீக்கருக்கு எப்போதும் ஒயர்தான். பேட்டரியில் ஓடும் ஸ்பீக்கர் என்பதால் ஜெனரேட்டர் புகையும் இரைச்சலும் இல்லை.

சினிமாப் பாட்டு போடலாமா? உரிமைப் பிரச்சினை வருமா?

கல்யாணம் என்றால் கவலை இல்லை. பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் 52-ஆம் பிரிவு கல்யாண ஊர்வலத்துக்கும் கல்யாணத்தையொட்டிய கொண்டாட்டங்களுக்கும் விலக்கு தருகிறது. கடைத் திறப்பு, விளம்பரம் என்றால் அந்த விலக்கு பொருந்தாது, ஐ.பி.ஆர்.எஸ்., பி.பி.எல். போன்ற இசை உரிமை அமைப்புகளிடம் உரிமம் எடுக்க வேண்டும். வீடியோவை யூடியூபிலோ இன்ஸ்டாகிராமிலோ ஏற்றுவது தனிக் கணக்கு. சட்ட விலக்கு இருந்தாலும் அங்கே ஒலி முடக்கப்படலாம். நையாண்டி மேளத்தையோ பறையையோ சினிமா மெட்டு இல்லாமல் நேரடியாக வாசிக்க வைத்தால் இந்தச் சிக்கலே இல்லை, அதன் சத்தத்துக்கு நிகராக எந்த ஸ்பீக்கரும் எங்களிடம் இல்லை.

என் காதலியிடம் எல்லோர் முன்னாலும் காதலைச் சொல்ல ஆசை. ஏற்பாடு செய்வீர்களா?

அவருக்கு உங்களைப் பிடிக்கும் என்பது உங்கள் இருவருக்கும் ஏற்கெனவே தெரிந்திருந்து, இரண்டு வீட்டுக்கும் தெரிந்திருந்தால் சந்தோஷமாகச் செய்வோம். முதல் தடவையாகக் கேட்கப் போகிறீர்கள் என்றால் மாட்டோம். நூறு பேர் வட்டமாக நின்று கைத்தட்ட, நாலு செல்போன் முகத்துக்கு நேரே நீட்டியிருக்க, ஒரு பெண்ணால் "எனக்கு விருப்பமில்லை" என்று சொல்ல முடியாது. சொல்ல முடியாத இடத்தில் நிறுத்திக் கேட்பது கேள்வியே அல்ல. வீட்டுக்குத் தெரியாத காதல் நம் பக்கத்தில் வீடியோவாக வெளியே போனால் என்னென்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். இரண்டு பேரும் பாதுகாப்பாக இருப்பது எங்கள் வேலையை விடப் பெரிது.

பிராங்க் மாதிரி யாரையாவது பயமுறுத்திவிட்டு ஆடலாமா?

வேண்டாம். சண்டை போடுவது போல, திருட்டு நடப்பது போல, மயங்கி விழுவது போலத் தொடங்கும் எதையும் எடுத்துக்கொள்வதில்லை. கூட்டத்தில் இதய நோயாளி இருப்பார், உண்மை என்று நினைத்துக் கைகலப்பில் இறங்குகிறவரும் இருப்பார்.

கரகாட்டம், ஒயிலாட்டம், கணியான் கூத்து இவற்றையும் சேர்ப்பீர்களா?

கரகாட்டம், ஒயிலாட்டம், கும்மி, கோலாட்டம், சிலம்பம் எல்லாம் உண்டு. சினிமாப் பாட்டில் தொடங்கி நடுவில் நாதஸ்வரமும் தவிலும் பம்பையும் புகுந்து, கரகம் தலையில் நிற்க ஒரு கலைஞர் உள்ளே வரும்போது கூட்டம் தானாக வழிவிடுவதைப் பார்க்க வேண்டும். எங்கள் ஆட்கள் அப்போது ஓரமாகப் போய்த் தரையில் உட்கார்ந்துவிடுவார்கள். பரம்பரையாகவும் பல வருஷப் பயிற்சியாலும் வந்த கலைக்கு முன்னால் நாங்கள் பின்னணியில் ஆடிக்கொண்டிருப்பது மரியாதை இல்லை. அவர்களுக்குச் சம்பளம் அன்றைக்கே, கையில். மீதியை அப்புறம் வாங்கிக்கொள்ளுங்கள் என்ற பேச்சு கிடையாது. பங்குனி, சித்திரை, வைகாசி, ஆடி மாதங்களில் கோயில் கொடைகள் இருக்கும், தேதி கிடைப்பது கஷ்டம், முன்னதாகச் சொல்லுங்கள்.

கணியான் கூத்து வேறு. தென் மாவட்டங்களுக்கே உரிய அந்தக் கூத்து சுடலைமாடன் கொடையில் சாமிக்கு முன்னால் நடப்பது. மகுடம் என்ற தோல் கருவியைத் தீயில் காட்டிச் சூடேற்றி அடிக்க, முதன்மைப் பாடகரான அண்ணாவி கதையைப் பாட, பெண் வேடமிட்ட இருவர் ஆடுவார்கள். அது வழிபாட்டின் பகுதி. அதைக் கடைத்திறப்பில் ஐந்து நிமிடம் வெட்டி வைக்க நாங்கள் உடன்பட மாட்டோம். அந்தக் கலைஞர்களை முழு நிகழ்ச்சிக்கு அழைக்க விரும்பினால் தொடர்பு ஏற்படுத்தித் தருகிறோம், அதற்குத் தரகு வாங்குவதில்லை.

காது கேளாதவர்கள் ஆடலாமா?

ஆடுகிறார்கள், நன்றாகவே ஆடுகிறார்கள். பாளையங்கோட்டையில் நூறாண்டைத் தாண்டிய காது கேளாதோர் பள்ளி இருக்கிறது. சைகையில் பேசிக்கொள்வதை இந்த ஊர் பஸ் நிறுத்தங்களில் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். ஆடுகிறவர்களுக்கு எதிரே, கூட்டத்துக்கு வெளியே ஒருவர் நின்று விரல்களால் கவுண்ட் காட்டுவார். ஒன்று முதல் எட்டு வரை, ஸ்டெப் மாறும் இடத்தில் முஷ்டி மூடித் திறப்பார். மேலே சொன்ன ஒலித் தாமதம் இவர்களைப் பாதிக்காது. பெரிய மைதானத்தில் மிகத் துல்லியமாக ஆடும் வரிசை சில நேரம் இவர்களுடையதாகவே இருக்கும்.

என்ன உடை போடுவது?

ஆட்டம் தொடங்கும் வரை நீங்கள் ஆடப் போகிறவர் என்று தெரியக் கூடாது, அதனால் ஒரே நிறச் சட்டை வேண்டாம். வேட்டிக்கு பெல்ட் கட்டாயம். ஒட்டிக்கோ வேட்டியை மட்டும் நம்பி ஆடாதீர்கள். சேலை மடிப்பை உள்பக்கம் இரண்டு இடத்தில் பின் குத்தி, பாதம் தெரியும் அளவுக்குக் கொஞ்சம் உயர்த்திக் கட்டுங்கள். புதுச் செருப்பும், மண்டபத்து வழுக்குத் தரையில் தோல் செருப்பும் ஆபத்து.

எந்த மாதம், எந்த நேரம் நல்லது?

திறந்த வெளி என்றால் தை முதல் மாசி வரை அருமை. சித்திரை, வைகாசியில் காலை 7 மணிக்கு முன் அல்லது சாயங்காலம் 5 மணிக்குப் பின். நெல்லை வெயிலில் தார் ரோட்டில் மத்தியானம் ஆட யாரையும் விட மாட்டோம், எவ்வளவு கொடுத்தாலும். ஆட்டக்காரர்களுக்கு மோரும் உப்பு சர்க்கரைத் தண்ணீரும் எப்போதும் வண்டியில் இருக்கும். சீசனில் பதநீர்.

ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. வெளி நிகழ்ச்சிக்கு மாற்று இடம் ஒன்றைக் கூரைக்குக் கீழே முன்கூட்டியே பிடித்து வைத்துக்கொள்வோம். 2023 டிசம்பர் 17, 18-இல் தாமிரபரணி ஊருக்குள் வந்ததைப் பார்த்த பிறகு, டிசம்பரில் ஆற்றங்கரை நிகழ்ச்சி எதையும் ஏற்பதில்லை.

பெண் பிள்ளைகள் ஆடும்போது கூட்டத்தில் தொந்தரவு வராதா?

வரலாம், அதற்கென்றே ஆள் வைத்திருக்கிறோம். ஆடாமல், வேடிக்கை பார்ப்பவர் போலச் சுற்றி நிற்கும் எங்கள் ஆண்களும் பெண்களும் ஒரு வளையமாக இருப்பார்கள். யாராவது கை நீட்டினாலோ தாழ்வாக செல்போனை வைத்துப் படம் எடுத்தாலோ முதலில் நடுவில் வந்து நின்று மறைப்பார்கள். "அண்ணாச்சி, கொஞ்சம் தள்ளி நின்னு பாருங்க" என்பதில் பெரும்பாலும் முடிந்துவிடும். முடியாவிட்டால் ஒரு சைகையில் பாட்டு நின்றுவிடும். ஆட்டத்தை நிறுத்தும் உரிமை ஆடும் பெண்கள் ஒவ்வொருவருக்கும் உண்டு. ஏன் நிறுத்தினாய் என்று யாரும் கேட்க மாட்டோம். திரும்பிப் போகும் வண்டியும் எங்கள் பொறுப்பு.

சந்தோஷத்தில் உள்ளே புகுந்து ஆடும் அண்ணாச்சிகளையும் பள்ளிப் பிள்ளைகளையும் தடுப்பதில்லை. அவர்களுக்காகவே கடைசி இரண்டு எட்டுகளை எளிதாக வைத்திருக்கிறோம்.

வீடியோவில் வழிப்போக்கர்கள் முகம் வருமே?

ஓரத்தில் எங்கள் ஆள் நின்று, நெருக்கத்தில் பதிவானவர்களிடம் கேட்பார். வேண்டாம் என்றால் எடிட்டில் நீக்கிவிடுவோம். குழந்தைகள் முகம் பெற்றோர் சம்மதமில்லாமல் போகாது.

செலவு எவ்வளவு ஆகும்?

ஆட்டக்காரர் எண்ணிக்கை, ரிகர்சல் நாட்கள், தூரம், வீடியோ இந்த நான்கும்தான் தீர்மானிக்கும். பாளைக்குள் நடப்பதற்கும் உவரிக்கோ பாபநாசத்துக்கோ வருவதற்கும் வண்டிச் செலவு வேறுபடும். பணம் குறைவு என்றால் வீடியோவைக் குறைத்துக்கொள்ளுங்கள், ரிகர்சலைக் குறைக்காதீர்கள். குருதிக்கொடை, கண்தானம், வாக்காளர் விழிப்புணர்வு நிகழ்ச்சிகளுக்குப் போக்குவரத்தும் சாப்பாடும் தந்தால் போதும்.

யாராவது ரகசியத்தை உடைத்துவிட்டால்?

கல்யாண வீட்டில் ரகசியம் தங்குவது கஷ்டம்தான். அதனால் வீட்டாரில் ஐந்தாறு பேருக்குத் தேதியும் பாட்டும் சொல்வோம், எந்த நேரத்தில் தொடங்கும் என்பதை ஒரே ஒருவரிடம் மட்டும் சொல்வோம். பொண்ணுக்குத் தெரிந்துபோனாலும் ரத்து செய்ய வேண்டாம். எப்போது, யாரிடமிருந்து என்று தெரியாத வரை அவர் மண்டபத்தில் ஒவ்வொருவரையும் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருப்பார், அதுவும் நன்றாகவே இருக்கும்.

உங்களிடம் பேசும் முன் என்ன தயாராக வைத்துக்கொள்ள வேண்டும்?

தேதி, இடம், அந்த இடத்தின் செல்போன் வீடியோ ஒன்று. வாசலில் தொடங்கி உள்ளே நடந்துகொண்டே எடுங்கள்; தூண் எங்கே, படி எங்கே, ப்ளக் பாயிண்ட் எங்கே என்று தெரிய வேண்டும். வீட்டாரில் ஆட விரும்புகிறவர்களின் வயதும், முட்டி, முதுகு வலி போன்ற விவரமும். யாருக்காக இந்த ஆட்டம், அவருக்குப் பிடித்த பாட்டு எது, பிடிக்காத விஷயம் எது. கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்னால் சொன்னால் நிதானமாகச் செய்யலாம், ரயில் நிலையம் போன்ற பொது இடத்துக்கு இன்னும் முன்னால் சொல்லுங்கள்.